எட்டாம் மாடியில் விளக்கு

டுலூத்,
அக்டோபர் 14, 1986

அன்புள்ள ரெய்னோவுக்கு,

இங்கே நம் வீட்டில் நான் நலம். நீயும் உன் கப்பல் சமையலறையும் நலமாக இருக்க வேண்டும். மார்ச்சில் நீ மறுபடி ஏரிக் கப்பல் ஏறிய பிறகு இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வராதது தபால்காரர்களின் தவறு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் சங்கத்தில் எனக்குத் தேர்ந்த தொழிலாளி என்ற அட்டை கொடுத்தார்கள். நான்கு வருடப் பயிற்சி முடிந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள் முப்பத்தொன்பது வயதில் நுழைவுத் தேர்வுக்குக் கிளம்பியபோது நீ சிரித்தாய். "பாதி வயசுப் பசங்களோட போய் உக்காரப் போறியா, ஐலி?" என்றாய். உட்கார்ந்தேன். பகலெல்லாம் வேலைத்தளம், வாரம் இரண்டு மாலை வகுப்பு. வேறு யாரோ ஒருத்தியின் வாழ்க்கையை ஜன்னல் வழியே பார்ப்பதுபோலவே நான்கு வருடமும் போயின.

அந்த அட்டை செப்டம்பரில் கைநழுவப் பார்த்தது. புதிய மருத்துவமனையின் எட்டாம் மாடி. மேஸ்திரி டுவெய்ன், மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்லி என்னை ஒரு மின்பெட்டியைத் திறந்து வேலை செய்யச் சொன்னார். திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொடமாட்டேன் என்றேன்.

"நானே அணைச்சேன்கறேன். பஸ் ஓட்டுன கைக்கு கரண்டுன்னா பயமா? செய்யலேன்னா கீழே இறங்கு, சங்கத்துக்கு எழுதி அனுப்பிடறேன்" என்றார்.

பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. அவர் எழுதினால் அட்டை கிடைக்காது. கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, சங்கப் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள் என்றேன். ஒலாவி வந்தார். தன் மீட்டரை வைத்தார், வெகுநேரம் அதையே பார்த்தார். "தொட்டிருந்தா, இந்நேரம் சாவுச் சேதி சொல்ல உன் வீட்டுக் கதவத் தட்டிட்டு நின்னிருப்பேன்" என்றார். டுவெய்ன் வேறு பெட்டியின் மின்சாரத்தை அணைத்திருக்கிறார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மதியம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்.

காபியோடு ஜன்னலருகே நின்றேன். ஏரி முழுக்கப் பனிமூட்டம். நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று வானத்திலேயே மெல்ல நகர்ந்து போனது. உன்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். நான் செத்திருந்தால் செய்தி உனக்கு எந்தத் துறைமுகத்தில் கிடைத்திருக்கும், கேட்டதும் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். 

போன வாரம் அந்த மாடியில் முதல்முறையாக மின்சாரம் கொடுத்தோம். நான் இழுத்த கம்பிகள் எல்லாம் சுவருக்குள் மறைந்துவிட்டன. விளக்குகள் அறை அறையாக எரிந்துகொண்டே போனபோது, கண்ணுக்குத் தெரியாத யாரோ நடைக்கூடத்தில் நடந்து போவதுபோல் இருந்தது. 

ஏலக்காய் ரொட்டி சுட்டுப் பொட்டலம் அனுப்புகிறேன். உன் அக்கா லெம்பிக்கு முழங்கால் வலி தேவலை.

ஜனவரியில் ஏரி உறைந்ததும் கப்பல்கள் நின்றுவிடும். போன குளிர்காலத்தில் கிளீவ்லாந்து துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வாசல் மணியைச் சரிசெய்துவிட்டேன், நன்றாக அடிக்கிறது. ஆனால் நீ அதை அழுத்த வேண்டாம், ரெய்னோ. உன்னிடம் சாவி இருக்கிறது.

உன்
ஐலி