முடிக்காகவே இருக்கட்டும்

புதுப்பட்டினம்,
நவம்பர் 14

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். இங்கே மாமிக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. முந்தாநாளிலிருந்து மழை விடவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் தண்ணீர் நிற்பதால் நான் வேலை செய்யும் நர்சரி ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார்கள். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

தினமும் போனில் பேசுகிறோமே, லெட்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசும்போது உங்கள் ரூமில் மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் பேசும்போது மாமி பக்கத்தில் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்ததை இரண்டு பக்கமும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல முடியாது. அதீப் அண்ணன் லீவு முடிந்து நாளை மஸ்கட் கிளம்புகிறார். மாமி உங்களுக்குக் கொடுத்தனுப்பும் கருவாட்டோடு இதையும் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வீடியோ காலில் ஏன் எப்போதும் முக்காடோடு வருகிறாய், நான் என்ன அந்நியனா என்று ஒருமுறை கேட்டீர்கள். தலைக்குக் குளித்து ஈரமாக இருக்கிறது என்றேன். அது பொய். என் முடி கொட்டிவிட்டது மச்சான். வகிடு எடுக்கிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மண்டை தெரிகிறது. நெற்றிப் பக்கமும் அப்படித்தான். அது நடந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னார்கள், பிரசவத்துக்கு அப்புறம் எல்லோருக்கும் கொட்டும், தானாக நின்றுவிடும் என்று. நானும் காத்திருந்தேன். நீங்கள் லீவில் வந்து போன பிறகு அதிகமானதே தவிர, நிற்கவில்லை. தலை வாரிவிட்டு சீப்பைக் கழுவும்போது மாமி பார்க்காமல் கழுவ வேண்டியிருந்தது.

மாமிக்கு எப்படித் தெரிந்தது என்றால், போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது எனக்குப் பூ வைக்க வந்தார்கள். கொண்டை ஊசி நிற்கவில்லை. "இன்னாம்மா இது, இருவத்தாறு வயசுல எனக்குக்கூட இப்டி இல்லியே" என்றார்கள். செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சின எண்ணெயை அடுத்த வாரமே கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் தேய்த்தேன்.

ஸ்கூலில் ஒரு நாள் எல்.கே.ஜி. பிள்ளை ஒன்றைத் தூக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முக்காட்டைப் பிடித்து இழுத்துவிட்டது. குத்தியிருந்த ஊசியும் கழன்று வந்துவிட்டது. அது என் தலையைப் பார்த்து, "மிஸ், உங்க தலையில ரோடு போவுது" என்று கத்தியது. மற்ற பிள்ளைகள் எல்லாம் பார்க்க ஓடிவந்தன. கூட இருந்த மார்கரெட் டீச்சர்தான் என்னை அந்தப் பக்கம் திருப்பி முக்காட்டைச் சரி செய்தார். மறுநாள் செங்கல்பட்டில் ஸ்வாதி என்று ஒரு தோல் டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி, டீச்சரே கூட வந்தார்.

இது பரம்பரையாக வருவது, சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எங்கள் அத்தா வழியில், பெரியத்தாவின் மகளுக்கும் இப்படி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையில் தடவ ஒரு மருந்து கொடுத்தார். காலையும் மாலையும் விடாமல் தடவினேன். ஆறேழு மாதம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் போனபோது போட்டோவை ஒப்பிட்டுக் காட்டினார். இன்னும் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது.

இப்போது மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்கிறார். அது பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரைதானாம், இதற்கும் உதவுமாம். போன முடி முழுக்கத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், பலன் தெரிய ஒரு வருஷமாவது சாப்பிட வேண்டும் என்கிறார். அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். தலை சுற்றலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். அந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் வயிற்றில் பிள்ளை தங்கவே கூடாது. ஆண் பிள்ளையாக இருந்தால் கெடுதி. நீங்கள் லீவில் வந்தாலும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை வேண்டுமென்றால் மாத்திரையை நிறுத்தி, சில மாதம் விட்டு, அப்புறம்தான். நிறுத்தினால் முடி மறுபடி கொட்டலாம்.

வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். அதற்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மாமி அதற்குள் என்னென்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போய் வரலாம் என்கிறார்கள்.

மாத்திரை சாப்பிடு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் மச்சான். போனில் வேண்டாம். மாமி போனில் வேண்டவே வேண்டாம். மெசேஜில் "சரி" என்று மட்டும் போடுங்கள், எனக்குப் புரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடோனில் கனமான மூட்டைகளைத் தனியாகத் தூக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் ஹனியா


புதுப்பட்டினம்,
ஜனவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சதுரங்கப்பட்டினம் ஆனந்தன் அண்ணன் புதிதாக விசா கிடைத்து மஸ்கட் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு அங்கே யாரையும் தெரியாதாம். முதல் வாரம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து கொடுங்கள். அவர் மனைவி என்னிடம் சொல்லி அழுதாள்.

உங்கள் மேல் உள்ள கோபத்தில் நான் இரண்டு மாதமாகச் சரியாகப் பேசவில்லை என்று நினைக்கிறீர்கள். கோபம் இல்லை. என் லெட்டரைப் படித்த அன்றே நீங்கள் மாமி போனில் கூப்பிட்டீர்கள். மாமி ஸ்பீக்கரில் போட்டார்கள். "ஹனியா, முடியெல்லாம் ஒரு மேட்டரா? உன் தலை மொட்டையா இருந்தாலும் நீதான் என் பொண்டாட்டி. மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வரேன், நமக்குப் புள்ள பொறக்கும், எல்லாம் சரியாப்பூடும்" என்று சொன்னீர்கள். உங்கள் பின்னால் யாரோ கை தட்டியதுகூடக் கேட்டது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் புள்ள மனசு யாருக்கு வரும்" என்றார்கள். நானும் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீங்களும் நினைத்தீர்கள், மாமியும் நினைத்தார்கள்.

உங்கள் மனசில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேறு எந்தப் பெண் கேட்டிருந்தாலும் அந்த வார்த்தைக்குப் பூரித்துப் போயிருப்பாள். நான் கேட்டது வேறு. அதை எப்படிக் கேட்பது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பிறந்த அன்றைக்கு நீங்கள் ஊரில் இல்லை. உங்களுக்கு மற்றவர்கள் சொன்னதுதான் தெரியும். நான் இதுவரை சொன்னதில்லை. வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் அவன் உதைத்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் உதைத்தானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதை யாரிடம் கேட்பது? பிறந்ததும் ரூமில் ஒரு சத்தமும் இல்லை. ஆயா அவனைத் துடைத்து, துணியில் சுற்றி, ஒரு நிமிஷம் என் கையில் கொடுத்தார்கள். தலை நிறைய முடி மச்சான். ஈரமாக, கறுப்பாக, நெற்றி வரைக்கும். நான் அதை விரலால் கோதிவிட்டேன். காய்ந்தால் சுருளும் போலிருந்தது. காய்வதற்குள் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது செங்கல்பட்டுக்கு டாக்டரிடம் போகும்போதும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கும். நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவேன். மார்கரெட் டீச்சர் ஏன் என்று கேட்டதில்லை. அவரும் இறங்கிவிடுவார். மறுபடியும் அந்த மேஜையில் ஏறிப் படுக்க

அந்த வரியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

டிசம்பரில் நான் மட்டும் டாக்டரிடம் போனேன். வீட்டில் கேட்டீர்களா என்றார். வேண்டாம் என்கிறார், ஆனால் எனக்கு மாத்திரை வேண்டும் என்றேன். முடிக்காகத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டினார். முதல் தடவை போனபோது பிரசவத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். அப்புறம் மெதுவாக, "முடி வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது ஹனியா. ஆனா இந்த மாத்திரை சாப்பிடுறப்ப ஒரு வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாதுன்னு சீட்டுல எழுதித் தர முடியும். அதை யார்கிட்ட வேணும்னாலும் காட்டலாம்" என்றார். மனசுக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு பெயர் கொடுத்தார். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.

ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். உங்களைக் கேட்டேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நான் மீறிச் செய்துவிட்டேன். அதை மறைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. காலையில் எழுந்தால் கொஞ்சம் கிறுகிறுப்பாக இருக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை. முடி இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மாமியிடமும் நானே சீட்டைக் காட்டிச் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டார்கள். "முடிக்காகவா புள்ளய வேணாம்ன்ற? என் புள்ள பாலைவனத்துல கஷ்டப்பட்டுக்கினு கீறான், உனக்கு ஜடை பின்னணுமா?" என்றார்கள். அந்த நேரத்தில் நான் மற்றதைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் மாமி, முடிக்காகத்தான் என்றேன். தெருவில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மினுக்கி என்று ஒருத்தி சொன்னாளாம். சொல்லட்டும். முடிக்காகவே இருக்கட்டும். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது.

மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போன வெள்ளிக்கிழமை உங்கள் சின்னம்மா வந்திருந்தார்கள். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா" என்று அவர்கள் கேட்டது காதில் விழுந்தது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றேன். மாமி, "அவளுக்கு உடம்பு சரியில்ல. டாக்டரே ஒரு வருஷம் கூடாதுன்னு எய்திக் குடுத்துட்டாங்க. சும்மா கேட்டுக்கினு இருக்காத" என்று சொன்னார்கள். அன்று சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, உட்கார் என்றார்கள். இருக்கிற முடியில் வலிக்காமல் தடவிவிட்டார்கள். மாமிக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கப் போவதில்லை.

நீங்கள் என் மேல் வருத்தப்படுவீர்கள். இதைப் படித்ததும் போன் பண்ண வேண்டாம். லீவைத் தள்ளிப் போட வேண்டாம். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவீர்களோ என்றுதான் இந்த லெட்டரைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். பெருநாளுக்கு அவசியம் வாருங்கள். என் தலையை உங்களுக்குக் காட்டுகிறேன், முக்காடு இல்லாமல். நீங்கள் பார்க்கலாம்.

வந்த பிறகு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அன்றைக்கு ஆண்கள்தான் அவனை அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் அப்புறம் லீவில் வந்தபோது போய் துஆ செய்துவிட்டு வந்தீர்கள். எந்த இடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்பார்கள். வேண்டாம். கூட்டம் இல்லாத ஒரு நேரத்தில் என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போய் காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்துங்கள். எந்தப் பக்கம் என்று கையை மட்டும் காட்டுங்கள். அவ்வளவு போதும்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வஸ்ஸலாம்.
உங்கள் ஹனியா