பகலில் படுக்கக் கூடாதாம்

கார்த்திகை 9, செவ்வாய், இரவு

நாத்தனார் வசந்தா இன்று என்னைத் திண்டிவனத்து வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஆடியில் என் மகன் குமார் செத்ததிலிருந்து உடம்பு பாரமாகவே இருக்கிறது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"கபம் ஏறிக்கினு கீதும்மா. தயிர், வாழைப்பழம் தொடாத. சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடிய தேன்ல கொழச்சி சாப்புடு. பகல்ல மட்டும் படுக்கவே கூடாது. அது கபத்துக்கு நீயே சோறு போடற மாதிரி."

"நல்லா சொல்லுங்க சாமி. மத்தியானம் சாஞ்சா வெளக்கு வெக்கறப்பதான் எழுந்துக்கறாங்க. இன்னிக்கே பாயச் சுருட்டி எங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன் பாருங்க அண்ணி," என்றாள் வசந்தா. வைத்தியர் சிரித்தார். நானும் தலையாட்டினேன்.

ராத்திரியில் எனக்குத் தூக்கமே இல்லை. பகலில் கண் அசந்தால்தான் குமார் வருகிறான். ஈரத் தலையோடு நின்று, "யம்மா, பசிக்குது" என்கிறான். இதைச் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்று மேல்மலையனூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் அவனை விரட்டப் பார்ப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

பொடியைத் தின்கிறேன். தயிரையும் விட்டுவிடுகிறேன். சொன்னபடியே வசந்தா பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாளை மத்தியானம் அவள் கழனிக்குப் போனதும் வெறுந்தரையில் படுத்துக்கொள்வேன். தரை ஜில்லென்று இருக்கும், கபத்துக்கு ஆகாது. இருக்கட்டும்.