உப்பிப்போன பேட்டரி

காலையில் எழுந்து வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறைக்குப் போன சகாய பிரவீன், கதவில் மனைவி எலிசா ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க அவள் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"என்னங்க, என் சாமான்ல கை வைக்காதன்னு சொன்னீங்க. வச்சிட்டேன், திட்டினாலும் பரவால்ல. பேட்டரி டிரில்லு, கட்டரு எல்லாத்தையும் பலகையில மாட்டியிருக்கேன். பெயிண்ட் தின்னர் டப்பா பக்கத்துலயா சார்ஜர வைப்பீங்க? தள்ளி வச்சிட்டேன். பேட்டரி ஒண்ணு உப்பிக்கினு கெடந்துச்சி, தொட்டா சுடுது. வெளிய மணல் பக்கெட்டுல போட்டிருக்கேன், எடுக்காதீங்க. பாப்பா எழுந்ததும் கேப்பைக் கூழு குடுங்க. சாவி ஜன்னல்ல."

பிரவீனுக்கு எரிச்சல் வந்தது. 'இவளுக்கு என்ன தெரியும்' என்று சீட்டைக் கிழிக்கப் போனவன், அடியில் நெருக்கி எழுதியிருந்ததைக் கண்டான்.

"அதோட வாங்குன இன்னொரு பேட்டரி எங்க? தேடிப் பாத்தேன், காணம்."

அவள் கைக்கு எட்டக்கூடாதென்று அவன்தான் ராத்திரி அதை எடுத்துப்போய், பாப்பா தூங்கும் அறையில் பீரோ மேல் வேறொரு சார்ஜரில் போட்டிருந்தான்.

ஓடினான். அறையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பீரோ மேலிருந்து புகை இறங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

"அப்பா, என்னா நாத்தம்?" என்றாள் அவள் கண்ணைக் கசக்கியபடி.

அவன் வாய் திறக்குமுன் உள்ளே படாரென்று வெடித்தது.