சூடத்துக்கு எத்தனை மார்க்?

ஜூன் 9, திங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது. வீடுகளுக்குக் குழாய் வழியே எரிவாயு கொண்டுபோகும் எங்கள் கம்பெனியில், குழியில் இறங்கி வேலை செய்ய ஒரு தகுதி அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்கும் கம்ப்யூட்டர் தேர்வில் எட்டுப் பேரும் நூற்றுக்கு நூறு. பயிற்சி அதிகாரி நான்; மாலை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டிய நாள். ஆனால் அந்தக் கேள்விகளை எழுதிய எனக்கே தொண்ணூறுக்கு மேல் வருமா என்பது சந்தேகம். எங்கோ இடிக்கிறது.

எட்டில் ஒருவர் என் வீட்டுக்காரர், ஜெயபாண்டி. குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. சாயங்காலம் அல்வாவோடு வந்தார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பள்ளிக்கூடத்துல எடுக்காத மார்க்கையெல்லாம் எம் மகன் சேத்து வச்சு எடுத்திருக்கான்" என்றார்.

சாப்பிட்டேன். அல்வா மேல் எனக்கென்ன கோபம்?

ஜூன் 11, புதன்

இவர் குளிக்கும்போது பாடுவார். இன்று முளைப்பாரிக் கும்மி மெட்டில் ஒரு பாட்டு: "பி, டி, ஏ, ஏ, சி… பி, பி, டி…" கதவுக்கு வெளியே பேனாவும் பேப்பருமாக நின்று குறித்துக்கொண்டேன். நான் தயாரித்த விடைகள். வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை.

"என்னங்க பாட்டு?"

"சும்மா. புதுப் பாட்டு."

"யாரு மியூசிக்?"

"அழகுபாண்டி" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அழகுபாண்டி இவருடைய கூட்டாளி, அதே குழு. மதினி மதினி என்று என்னிடம் உயிரை விடுவான். விடட்டும்.

ஜூன் 13, வெள்ளி

பாதுகாப்பு மேலாளர் சுப்பராமன் சாரிடம் பாட்டைப் பாடியே காட்டினேன். சிரித்தார், அப்புறம் சிரிப்பை மடித்து வைத்தார். குழியில் இறக்கிச் செய்துகாட்டச் சொல்வோம், அதில் பாஸானால்தான் அட்டை என்றேன்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள வண்டியூர் லைன்ல கேஸ் விட்டாகணும். நீங்க பாட்டுக்கு எல்லாரையும் ஃபெயில் பண்ணிடாதீங்கோ" என்றார்.

என் வீட்டுக்காரரும் அதில் இருப்பதால் நான் பார்த்துச் சொல்வேன், மார்க் சார் போடுவார் என்று முடிவானது.

ஜூன் 27, வெள்ளி

திருப்பரங்குன்றத்தில் குழாய்களை அடுக்கிவைக்கும் எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் பயிற்சிக் குழி. குழாயில் இருப்பது வெறும் காற்று. கேஸ் என்றே நினைத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். சாரும் நானும் குழி ஓரமாக நின்றோம்.

ஆரம்பம் கண்கொள்ளாக் காட்சி. தடுப்புக் கட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார்கள். பீடியையும் தீப்பெட்டியையும், பொறி தட்டும் என்று போனையும் வாட்ச்மேனிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு லேசாகக் கர்வம்கூட வந்தது.

அப்புறம் அழகுபாண்டி பூஜை டப்பாவைத் திறந்தான். அதற்குள் தனியாக ஒரு தீப்பெட்டி. எந்தக் குழியைத் திறந்தாலும் இவர்கள் செய்கிற வழக்கம்தானாம். இவர் விளிம்பில் எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் தடவி, சூடத்தைக் கொளுத்தினார். எட்டுப் பேரும் கும்பிட்டார்கள். தட்டு எங்கள் பக்கம் வந்தது. சுப்பராமன் சார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விபூதியும் இட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

"குழிக்கிட்ட நெருப்பு கூடாதுன்னு தேர்வுல எழுதினீங்கள்ல?" என்றேன் பொதுவாக.

"இது நெருப்பா மதினி? நெருப்புன்னா பீடி, அடுப்பு. இது சாமி கும்புடுறதுல்ல?" என்றான் அழகுபாண்டி. கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டான். யாரும் பொய் எழுதவில்லை. என் கேள்வியில் சூடம் இல்லை, அவ்வளவுதான்.

சார் பேனாவை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எட்டுப் பேருக்கும் 'தகுதியில்லை' போட்டார்.

"அப்ப சாருக்கு?" என்றார் இவர்.

ஜூன் 28, சனி

அட்டை இல்லையென்றால் குழியில் வேலை இல்லை. மறுதேர்வு வரைக்கும் கிட்டங்கியில் குழாய் அடுக்க வேண்டியதுதான். இவர் என்னோடு பேசவில்லை. "கட்டுன புருசனையே ஊருக்கு முன்னாடி ஃபெயிலாக்கிட்டு வந்திருக்கா" என்று மாமியார் அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இம்புட்டு நாளா சூடம் கொளுத்துறோம், என்ன ஆயிருச்சு?" என்று இவர் சுவரிடம் கேட்டார்.

என்ன ஆயிருச்சா? ஆகுற அன்னைக்குக் கேக்குறதுக்கு ஆள் இருக்காதுய்யா! இவர் குழிக்குள்ள குனியுற ஒவ்வொரு நாளும் ஆபீஸ்ல போன் அடிச்சா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் எடுக்குறேன். இந்த மனுசனுக்கு அது தெரியுமா? மார்க்காம் மார்க்கு. எனக்கு மார்க்கா வேணும்? ஆளு முழுசா வீட்டுக்கு வந்தாப் போதாதா? – மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். சொல்லலை. ரசத்தை ஊத்திட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

"மேடம், உப்பு இருக்கா?" என்று கேட்டார். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

வேலையிடத்தில் பூஜைக்குத் தடை என்று சுற்றறிக்கை விட சார் தயாராக இருந்தார். வேண்டாமென்று சண்டை போட்டேன். தடுத்தால் என் கண்ணுக்குப் படாமல் குழிக்குள்ளேயே கொளுத்துவார்கள். அவர்களையே கூப்பிட்டுக் கேட்டோம்.

"வேலை ஆரம்பிக்கும் முன்னாடி கிட்டங்கி வாசல்ல சூடம் காட்டிருவோம். குழிக்கு எலுமிச்சம்பழத்தை மட்டும் கொண்டு போவோம். சாமி கோவிச்சுக்கிறாது" என்றான் அழகுபாண்டி.

"கேஸ் டிடெக்டருக்குப் பொட்டு வைக்கலாமா?" இது இவர். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்ட கேள்வி.

"திரையை மறைக்காம வச்சுக்கங்க."

புதுத் தேர்வுத் திட்டத்தில் நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: குழியில் இறங்கும் அதிகாரிகளுக்கும் அட்டை வேண்டும், அவர்களைச் சோதிப்பது அட்டை வாங்கிய தொழிலாளி. "அடிக்கடி இறங்கறது நீங்கதானே" என்று சார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. வண்டியூரில் கேஸ் விடவில்லை. வானம் இடிந்து விழவில்லை, சாருடைய முகம் மட்டும்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மறுதேர்வு. வாசலில் பூஜை முடிந்து, குழியில் வேலை மும்முரமாக நடந்தபோது, நான் சொல்லிவைத்திருந்த சைக்கிள் டீக்காரரைக் கரி அடுப்போடு தடுப்புப் பக்கமாக அனுப்பினேன். கொஞ்சம் அநியாயம்தான். இவர் குழாயை விட்டுவிட்டு ஓடிவந்து கையை விரித்து மறித்தார். "அண்ணே, டீ மொத்தத்தையும் நானே வாங்கிக்கிறேன். அந்த அடுப்பைத் தெருக்கோடிக்குக் கொண்டு போங்க!"

ஏழு பேர் பாஸ். பிளாஸ்டிக் குழாயில் உராய்வு மின்சாரத்தால் தீப்பொறி வராமலிருக்க ஈரத்துணி சுற்ற வேண்டும், அழகுபாண்டி மறந்துவிட்டான். அடுத்த மாதம் மறுபடி வருவான். இந்த முறை பாட்டு உதவாது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

டீக்காசு முழுவதும் இவர்தான் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

வண்டியூர் லைனில் கேஸ் ஓடுகிறது. இவர் குழியிலிருந்து ஏறியதும் போன் செய்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று எனக்குத் தேர்வு. சார் போன வாரமே பாஸ். அன்று நெற்றிகூடத் துடைத்துவிட்டு வந்திருந்தார். என்னைச் சோதிக்கக் குழு அனுப்பிய ஆள் இவர். மார்க் போடுவது சார்.

காற்றைப் பார்த்தேன். டிடெக்டரை இறக்கிப் பார்த்தேன். ஈரத்துணி சுற்றினேன். எல்லாம் நானே எழுதிய விதிகள், எதை மறக்கப் போகிறேன்? குழிக்குள் குனிந்து வால்வைப் பிடித்தபோது என் கோட்டுப் பையில் போன் அடித்தது. மாமியார். ராத்திரிக்கு இட்லியா, தோசையா.

"மேல ஏறி வா" என்றார் இவர். சத்தமே போடவில்லை. கைகொடுத்துத் தூக்கினார். ஏறிய பிறகும் கையை விடவில்லை. குழாயில் வெறும் காற்றுதான் என்பது அவருக்கும் தெரியும்.

"நீ உள்ள இருந்த, தமிழு" என்றார். ரசத்தை ஊற்றிவிட்டு அன்றைக்கு நான் சொல்லாமல் எழுந்து வந்தது, இவ்வளவு நாள் கழித்து அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. சார் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"போடுங்க சார்" என்று இவர் கட்டத்தை விரலால் காட்டினார். தகுதியில்லை.

வீட்டில் மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டார். "இட்லியா தோசையான்னு கேட்டதுக்கா பிள்ளைய ஃபெயிலாக்கின, பாவிப்பயலே?" இந்த வீட்டில் எனக்காக விழுந்த முதல் ஓட்டு.

நாளைக் காலை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார் இவர். ஒன்றாகப் போகலாமே என்றேன். சோதிக்கிறவர் வண்டியில் ஃபெயிலானவர் ஏறக்கூடாதாம். டவுன் பஸ்ஸில் வர வேண்டுமாம்.