வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள்

ஆமத்தூர்
புதன்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், வெள்ளாடும் சுகம், என் இடது கட்டைவிரலுக்கு மட்டும் சுகமில்லை, சுத்தியலிடம் அடி வாங்கியிருக்கிறது. டெல்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், ஆஸ்பத்திரி டூட்டியில் வேளைக்குச் சாப்பிட விடுகிறார்களா என்று எழுது. போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து ருசியான பாகத்தை எல்லாம் அவரே சொல்லிவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

விருதுநகரில் மூன்று மாதம் தச்சுப் பயிற்சி முடித்து செந்தூர்பாண்டி ஆசாரியிடம் சேர்ந்தேன் அல்லவா, அவர் ஒரு வீடு முடியும்வரை பார்க்கிறேன், தேறினால் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார், தேறாவிட்டால் பழையபடி பட்டாசுக் கம்பெனி வேன்தான். அந்த வீடு நம் ஊர்க் கண்ணுச்சாமி ஐயாவின் புது வீடு. முதல் நாள் இரும்பு ஆணியை இரும்புச் சுத்தியலால் அடிக்கச் சொன்னார், எனக்குக் கை வரவில்லை. பத்தொன்பது வருடம் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமுக்குள் இரும்பையே கொண்டுபோகாமல் வேலை பார்த்தவள், பொறி பறந்தால் என்ன ஆவது? ஆணியின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தேன். தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டேன், முகத்தைத் திருப்புவது இன்னும் போகவில்லை, விரல் நசுங்கிய கதை அதுதான்.

போன வாரம் ஆசாரி ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது முன்வாசல் தவிர மற்ற எல்லா நிலையையும் நிறுத்திக் கதவை மாட்டிவை என்றார். மாட்டினேன், ஒரு நூல் பிசகில்லை, ஆனால் அத்தனை கதவும் வெளிப்பக்கம் திறந்தன. மருந்து ரூமில் எல்லாக் கதவும் அப்படித்தான், ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஓட வேண்டும், கதவு என்றால் எனக்கு அதுதான். பால்காய்ப்புக்கு முந்தின நாள் ஐயா பார்க்க வந்தார், நான் குளியலறைக்குள்ளிருந்து வேகமாக வெளியே வந்தேன், கதவு நேராக அவர் மூக்கில். வீடு கட்டச் சொன்னா மருந்து ரூம் கட்டி வச்சிருக்கீகளா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஆசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விசேசம் முடிஞ்சதும் எல்லாத்தையும் களத்தித் திருப்பணும், நீ பளையபடி கம்பெனிக்கே போயிரு தாயி என்றார். உன்னிடம் சொன்னதில்லை, பத்தொன்பது வருடமும் அந்த ரூமில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் பசுவையும் கன்றையும் வீட்டுக்குள் கூட்டி வந்தார்கள். ஹோமப் புகையில் கன்று மிரண்டு அடுப்படிக்குள் ஓட, பசு அதன் பின்னால் பாய்ந்தது. உள்ளே பால் காய்ச்சிக்கொண்டு பன்னிரண்டு பெண்கள், நானும் ஒருத்தி. அத்தனை பேரும் பின்கதவில் போய்ச் சாய்ந்தோம், நான் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டேன், ஒரே தள்ளு, எல்லோரும் கொல்லையில் கிடக்கிறோம், ஐயாவின் சம்சாரம் வெள்ளைத்தாய் அம்மா பால் பானையோடு நிற்கிறார்கள், பசுவும் கன்றும் எங்களைத் தாண்டி வாழைக்குப் போய்விட்டன. உள்ளே திறக்கும் கதவாக இருந்தால் நாங்களே சாய்ந்து அதை அடைத்திருப்போம். வெள்ளைத்தாய் அம்மா ஆசாரியைப் பார்த்து, ஒரு கதவையும் தொடாதீக, அந்த முன்வாசல் கதவு மட்டும் உள்ள தொறக்குது, அதைத் திருப்பி மாட்டுங்க என்றார்கள். அது ஆசாரி ஒரு மாதம் செதுக்கிய கதவு! ஐயா மூக்குப் பிளாஸ்திரியோடு தலையாட்டினார். விசேஷத்துக்கு வந்திருந்த அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. ஆசாரி தன் கதவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, திங்கக்கிளம வந்துரு, சுத்தியலால அடிக்கயில ஆணியப் பாரு என்றார். திங்கட்கிழமை கம்பெனி வேன் தெருவில் ஆரன் அடித்தது, நான் போய் இனி நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து அழுதேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் வை. ஆஸ்பத்திரியில் குடும்ப விவரம் கேட்கிறார்கள் என்றாயே, அம்மாவின் தொழில் என்ற இடத்தில் பட்டாசு என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, தச்சு வேலை என்று கொட்டை எழுத்தில் எழுது.

இப்படிக்கு உன் அம்மா,
பாண்டிமீனா, தச்சர்