தங்கள் வசதிப்படி

சல்ட், ஜோர்டான்
நவம்பர் 9

அன்புத் தோழி நுஹாவுக்கு,

இங்கிலாந்துக் குளிரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். நாங்கள் நலம். வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம். நேற்று என் மகள் லீனின் கண் கட்டைப் பிரித்தார்கள். பார்வை வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "உன் முகத்துல எப்பம்மா இவ்ளோ சுருக்கம் விழுந்துச்சு?" என்று கேட்டாள். அழுதுகொண்டே அடிக்கப் போனேன்.

நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. வருடத்துக்கு ஒருமுறை அம்மானுக்கு வந்து அறுவை செய்யும் அந்த ஆங்கில டாக்டருக்கு மே மாதமே எழுதிவிட்டேன் என்று இறுமாந்திருந்தேன். "தங்கள் வசதிப்படி பதில் அனுப்புங்கள்" என்று ஆங்கிலத்தில் அழகாக முடித்ததில் பெருமை வேறு. நம் ஊரில் தலை போகிற காரியத்தையும் "உங்கள் சௌகரியம்போல" என்றுதானே கேட்போம்? அதைக் காதில் வாங்கியவர் அவசரம் புரிந்து உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். நான்கு மாதம் பதிலே இல்லை. உனக்கு அனுப்பிய கடித நகலைப் படித்துவிட்டு நீ போனில் கத்தினாயே: "அடிப் பாவி! வசதிப்படின்னு எழுதினா இங்க அதை அப்படியே நம்பிடுவாங்கடி! எந்தத் தேதிக்குள்ள வேணும், ஏன் வேணும்னு எழுது!"

என் கணவர் ஃபவாஸுக்கு உதறல். "நாளைக்கு அந்தாளு கையிலதான் கத்தி இருக்கும். அவரையே தேதி போட்டு விரட்டுறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் கூச்சம்தான். ஆனாலும், குளிர்காலம் தாண்டினால் பார்வை திரும்பாது, செப்டம்பர் பத்துக்குள் பதில் வேண்டும் என்று எழுதினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. கோபமா? தெளிவாக எழுதியதற்கு நன்றி என்று போட்டிருந்தார்கள்! விசித்திரமான மனிதர்கள், நல்ல மனிதர்கள்.

டாக்டருக்கு நன்றிக் கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். நம் மொழியில்தான் எழுத வந்தது. நீ ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பிவிடு. மூன்று பக்கம். அவர் கைகள் வாழ வேண்டும், அவர் பெற்றவர்களுக்குச் சொர்க்கம் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். அங்கே இரண்டு வரி போதும் என்பாய். தேதி போடச் சொன்னாய், போட்டேன். இதில் மட்டும் ஒரு சொல்லையும் வெட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆங்கிலத்தில் மாற்றும் முன் அந்தக் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படி நுஹா. அதில் பாதி உனக்காக எழுதியது.

என்றும் உன்,
இப்திசாம்