கமலாட்சியின் பக்கம் திரும்பி

14.09.1982, செவ்வாய்

சொல்வதெழுதலில் கமலாட்சி இன்றும் பூச்சியம். கொப்பியை அவள் இருந்த வாங்கில் போட்டேன் — கொஞ்சம் பலமாய்த்தான். காது மந்தமென்று கத்திக் கத்திச் சொல்லி என் தொண்டைதான் போகிறது. ஐந்தாம் வகுப்பில் இது அவளுக்கு இரண்டாம் வருசம். இன்னும் எவ்வளவுதான் கத்துவது?

17.09.1982

கமலாட்சியின் தகப்பன் வீரையா வந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து, இங்கே விசுவமடுவில் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவர். கதிரை போட்டும் மனிசன் இருக்கவில்லை.

"நாலு வயசுல காச்ச வந்துச்சுங்க சார், அதோட காது போயிருச்சு. இந்த வருசமும் பாஸாகலேன்னா மொளகா ஆயக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேங்க."

பள்ளிக்கூட அதிபர் பரமேஸ்வரனும் அதற்கு ஒத்து ஊதினார். "மூண்டாம் வருசமும் ஒரே வகுப்பில இருத்தேலாது மாஸ்டர். மார்கழிச் சோதனையோட முடிவெடுப்பம்."

பிள்ளை வாசலில் நின்று எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன விளங்கியிருக்குமோ தெரியாது.

21.09.1982

தையல் ரீச்சர் ஹாலிதாவின் வகுப்பை இடையிலுள்ள தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அங்கே கமலாட்சி கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்கிறாள்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்னட்ட மட்டும் ஏன் இந்த நடிப்பு?

ரீச்சரிடமே கேட்டேன். அவா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னா: "கோவிக்காதீங்கோ மாஸ்டர். அவள் வாயைப் பாத்துத்தான் விளங்கிறவள். நீங்கள் பலகையைப் பாத்துக் கதைக்கிறீங்கள். திரும்பினாக் கத்துறீங்கள், கத்தினா வாய் கோணுது. மிச்சத்தை மீசை மூடிப்போடுது."

மீசையா? இருபது வருச மீசை!

வெட்கமாய் இருக்கிறது. மீசைக்காக இல்லை. இரண்டு வருசமாய் ஒருநாளாவது அவளையே கேட்டிருக்கலாமே.

22.09.1982

மீசையை எடுத்துவிட்டேன். வீட்டில் மனிசி கண்டதும் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தா. வகுப்பிலும் ஒரே கெக்கட்டம். கமலாட்சி மட்டும் சிரிக்காமல் என் வாயைக் கவனித்தாள். பிறகு, "இப்ப தெரியுது சார்" என்றாள்.

08.10.1982

இப்போது எழுதும்போது கதைப்பதில்லை. எழுதி முடித்து, அவள் பக்கம் திரும்பித்தான் கதைக்கிறேன். வாசல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாய்த் தெரியுமாம். அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள், கையைப் பிடித்து இழுத்து என்னை இடம் மாற்றி நிறுத்தினாள்! தனிச்சொல்லாய்ச் சொன்னால் தடுமாறுகிறாள். வசனமாய்ச் சொன்னால் பிடித்துக்கொள்கிறாள். அதனால் எல்லாருக்கும் வசனமாகவே சொல்கிறேன். பின்வாங்கில் இருக்கிற ஆண்டியப்பன்கூட இப்போது ஒழுங்காய் எழுதுகிறான்.

என்ன மூளை அவளுக்கு! நாங்கள் சும்மா இருந்தபடி காதால் வாங்குவதை அவள் பாடுபட்டு முகத்திலிருந்து எடுக்கிறாள். மத்தியானத்துக்குள் கண் சிவந்துபோகிறது. கஷ்டமான கணக்கையெல்லாம் காலைப் பாடமாக்கிவிட்டேன்.

19.10.1982

சொல்வதெழுதலில் இருபதுக்குப் பதினொன்று!!

03.11.1982

அதிபருக்குக் கொப்பியைக் காட்டினேன். ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதியிருக்கும்" என்றார். வாய்க்குள் வந்ததை விழுங்கினேன். ஆண்டிறுதிச் சோதனைக்குத் தானே வந்து சொல்வதெழுதல் சொல்லப்போகிறாராம். வகுப்பு முழுக்க உலாவி உலாவிச் சொல்லுகிற ஆள் அவர். ஒரு இடத்தில் நின்று சொல்லுங்கோ என்று கும்பிடாத குறையாய்க் கேட்டேன்.

"சரி, நிக்கிறன். அதையும் பாப்பம்."

இப்போது அவளைவிட எனக்குத்தான் பயம்.

02.12.1982, வியாழன்

இன்று ஆண்டிறுதிச் சோதனை.

அதிபர் முதல் வசனத்தைத் தொடங்கவும் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கவும் சரியாய் இருந்தது. விசர் மழை. பக்கத்தில் நின்ற எனக்கே அவர் சொல்வது கேட்கவில்லை. பிள்ளைகள் "கேக்கேல்லை சேர்!" என்று கத்துகிறார்கள், அதுவும் கேட்கவில்லை. அதிபர் நிறுத்தத்தான் பார்த்தார். அதற்குள் கமலாட்சியின் பென்சில் ஓடுவதைக் கண்டுவிட்டார்.

இரண்டாம் வசனத்தை அவளை மட்டும் பார்த்துச் சொன்னார். எழுதினாள். மூன்றாவது. எழுதினாள். ஐந்தையும் சொல்லி முடித்துவிட்டுப் போய்த் தாளை எடுத்தார். ஐந்து வசனமும் இருந்தன, மூன்றே மூன்று எழுத்துப் பிழை. இந்தப் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்தார், அந்தப் பக்கத்துத் தாளையும் பார்த்தார். இரண்டும் வெறுந்தாள். பார்த்து எழுத அந்த வகுப்பில் ஒரு சொல்லும் இல்லை.

கமலாட்சி திரும்பி எல்லாரையும் பார்த்தாள். "ஏன் சார் யாருமே எழுதல?" என்று கேட்டாள்.

மழைச் சத்தம் அவளுக்குத் தெரியாதே! எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையைப் பார்க்கிற மாதிரி வெளியே திரும்பி நின்றேன்.

மற்றப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மறுபடி சோதனை. அவளுக்குத் தேவையில்லையென்று அதிபர் சொல்லிவிட்டார்.

10.01.1983, திங்கள்

ஆறாம் வகுப்பு ராஜரத்தினம் மாஸ்டர் இடைவேளையில் முறைப்பாட்டோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"முதல் நாளே உம்மட கமலாட்சி எழும்பி நிண்டு, 'திரும்பிக் கதைங்க சார்' எண்டு எனக்குச் சொல்லுது. முழு வகுப்புக்கும் முன்னால! எவ்வளவு துணிவு காணும்?"

"திரும்பினீரோ?" என்று கேட்டேன்.

கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டார்.

"திரும்பினனான்," என்றார்.